நீலம் போன வண்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு யூலை மாதம், டுசல்டோர்ஃபில் எங்கள் நாலாம் மாடி வீட்டில் நடந்தது இது. அன்று நான் செய்தது அன்பா, அழிவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

கீழ்வீட்டில் கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பல்கலைக்கழகத்தில் பூச்சிகள் பற்றி ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் திருத்தவேலை நடந்ததால், அவளுடைய இரண்டு வருட உழைப்பான பன்னிரண்டு வண்டுகளும் கண்ணாடிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருந்தன. ஒரு கிழமை, ஆறேழு நாள், வெளியூர் போகவேண்டி வர, பெட்டியை என் கையில் தந்தாள்.

அமெரிக்கப் பாலைவனத்து வண்டுகள். வானத்தில் சாம்பல் தூவியது போன்ற நீலம். உடம்பின் ஈரம் வெளியே போகாமலிருக்க அவை தாமே பூசிக்கொள்ளும் மெழுகு அது என்றாள்.

“மூணு நாளைக்கு ஒரு துண்டு கேரட்ண்ணா, அவ்வளவுதான். தண்ணி வேண்டாம்.”

“ஒரு சொட்டும்?”

“வேண்டாம்ண்ணா. இதுங்களுக்கு ஈரமே ஆகாது. அதுங்க ஊர்லயே இப்ப வெயிலும் மழையும் தாறுமாறாகுது. அந்த மணலை விட்டா இதுங்க எங்க போகும்?”

தலையாட்டினேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? வந்தவர் வேண்டாம் என்பார். நாங்கள் அரைக் கோப்பை ஊற்றுவோம். அவர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் போவார்.

அந்தக் கிழமை நகரமே அடுப்பில் வைத்தது போல் கிடந்தது. யன்னல் மறைப்புகளை இறக்கியும் சுவர்கள் கொதித்தன. மனைவி பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“வீட்டை வந்ததுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. நல்ல மனுசனப்பா நீங்கள்.”

“அந்தப் பிள்ளைதான் வேண்டாமெண்டு சொன்னது.”

“ஓம், அது சொல்லும். எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாதெண்டு சொல்லும்.”

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியை எடுத்தேன். துளிகள் விழ, வண்டுகள் ஓடின. சந்தோசத்தில் ஓடுவதாக நினைத்தேன். மூன்றாம் நாள் நீலம் மங்கியது. நான்காம் நாள் எல்லாம் கறுப்பு. தாகம்தானாக்கும் என்று இன்னும் கொஞ்சம் தெளித்தேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்தால், பன்னிரண்டும் மல்லாந்து, கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தன.

அன்று பின்னேரம் அவள் திரும்பி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஈர மணலைத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“பயந்தா செத்த மாதிரி நடிக்கும்ண்ணா, இதுங்க. எது நடிக்குது, எது போயிடுச்சுன்னு இப்ப எனக்கே தெரியல.”

காய்ந்த மணலில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அசையாத பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள். பிழைத்தவற்றுக்கும் போனவற்றுக்கும் ஒரே முகம். பிழைத்தவையும் என்னைக் கண்டு பயந்துதான் செத்துக் கிடந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. நெடுநேரம் கழித்து ஒரு கால் மணலைத் துழாவியது. பிறகு இன்னொன்று.

ஏழு எழும்பின. மற்ற ஐந்தையும் அவள் எடுக்கவில்லை. நடித்தாலும் நடிக்கும் என்று இன்னொரு நாள் முழுக்க விட்டுவைத்தாள். அவை நடிக்கவில்லை. ஏழுக்கும் மெல்ல மெல்ல நீலம் திரும்பியது, ஒன்றும் நடவாதது போல.

இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்தால் என் கை தண்ணீர்க் குவளைக்குப் போகிறது, எடுத்த கை பாதியில் நின்று, “குடிக்கிறீங்களோ?” என்று கேட்க வைக்கிறது, அவர்கள் “வேண்டாம்” என்கிறார்கள், நான் குவளையோடு நிற்கிறேன், நம்புவதா ஊற்றுவதா என்று தெரியாமல்.