இரண்டு மணிச் சங்கு

மூக்கண்டப்பள்ளி ஆலைச் சங்கு இன்னும் என் காதில் ஊதுகிறது. எண்பதுகளில் ஓசூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் பாதி வேலை, நோயாளியை எழுந்து போகாமல் உட்கார வைப்பது. வெறும் வயிற்றோடு எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெள்ளைக் குழம்பு

பாஷா அந்த ஆலையில் லேத் ஓட்டுபவர். சாப்பிட்டால் வயிறு முறுக்கும், முகம் வெளுத்திருந்தது. அல்சர் என்று ஒரு வருடம் மருந்து குடித்துவிட்டு, மனைவி நூர்ஜஹானோடு வந்தார். படத்தில் குடல் தெரிவதற்காகப் பேரியம் கரைத்துக் கொடுத்தேன். பாதி டம்ளரில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்ச மிச்சமா மேடம்?"

சங்கு

இரைப்பைப் படங்களில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் சிறுகுடல் நீளமானது. பேரியம் அதைக் கடக்கச் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை அவ்வப்போது படம் எடுக்க வேண்டும். அதற்குள் இரண்டு மணிச் சங்கு ஊதியது. பாஷா சட்டையை மாட்டினார். வேலை நிரந்தரமாகப் போகிற மாதம். ஷிப்டுக்குப் போகாமல் இருக்க முடியாதாம். "ஏங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்று நூர்ஜஹான் கையைப் பிடித்தார். பாஷா சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டார்.

"வயிறு சுத்தம்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ வேணா உக்காந்து குடலுக்குக் காவல் இரு."

மறுபடியும்

மழைக்காலம் முடிந்து வந்தபோது, குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. இந்த முறை கடைசிப் படம்வரை படுத்திருந்தார். சிறுகுடலில் ஓரிடம், கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோல் இறுகியிருந்தது. பெங்களூரில் வயிற்றைத் திறந்தார்கள். கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் புற்று ஈரலுக்கும் போயிருந்தது. அங்கிருந்த சர்ஜன் தமிழும் கன்னடமும் கலந்து நூர்ஜஹானிடம் சொன்னாராம்:

"குடலோட நின்னிருந்தா வருஷக் கணக்குல பேசியிருப்பேன்மா. இப்ப மாசக் கணக்குலதான் பேச முடியும்."

பெஞ்சு

பாஷா போன பிறகு நூர்ஜஹான் எங்களிடமே ஆயாவாகச் சேர்ந்தார். மத்திகிரியிலிருந்து வந்த ஒருவர், பேரியம் குடித்துவிட்டு, சங்கு கேட்டதும் செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. நூர்ஜஹான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊதுறது அது வேலை. நீங்க உக்காருங்கண்ணே."

பாஷாவின் வேலை அவர் ஆசைப்பட்ட மாதமே நிரந்தரமானது. அதில் அவர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை.