வியாழக்கிழமை நாடகம்

தப்பியோடிய கைதியைப் போலீஸ் தேடுகிற கதை டி.வி.யில் வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பயந்துகொண்டு போகிறேன் என்று மருமகள் நினைக்கிறாள். பயமாவது ஒன்றாவது. வயிறு எரிகிறது, அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அணையாத எரிச்சல் அது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். அறுபதுகளின் கடைசியில் ஊருக்கே ஒரு ரேடியோதான், பஞ்சாயத்து ரேடியோ. பொழுது சாய்ந்ததும் ஆண்கள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போனால் பேசுவார்கள், அதனால் போக மாட்டோம். சின்ன வயசிலிருந்தே கூடத் திரிந்த என் சேக்காளிக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அவள் வீட்டு அடுப்படியும் ரேடியோ இருந்த அறையும் ஒரே சுவரை ஒட்டி இருந்தன. சோறு வடித்துக்கொண்டே முழுசையும் கேட்டுவிடுவாள்.

அந்த வருஷம் வியாழக்கிழமைதோறும் ஒரு துப்பறியும் நாடகம் வந்தது. ஜெயிலிலிருந்து தப்பித்த ஒருவனை இரண்டு அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பருத்தி எடுக்க ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்துக் குனிந்ததும் சேக்காளி கதையை ஆரம்பிப்பாள். ஜீப் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் அவள் வாயிலிருந்தே வரும். அவளுக்குப் பக்கத்து நிரை யாருக்கு என்று நாங்கள் பத்துப் பேரும் சண்டை போடுவோம். பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர்கூட அதட்ட மாட்டார். கதை ஓடினால் எங்கள் கையும் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அது வெறும் கதை இல்லை. என் அண்ணனும் அப்போது ஓடிப்போனவன்தான். கண்மாய் மடை திறப்பதில் தகராறு வந்து ஒருவனை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். அடிபட்டவனுக்குக் கை ஒடிந்துபோனது. போலீஸ் அண்ணனை அருப்புக்கோட்டை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனபோது பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நழுவிவிட்டான். மெட்ராஸுக்குப் போயிருப்பான் என்று ஊர் பேசியது. அவன் எங்கேயும் போகவில்லை. ஊருக்குத் தெற்கே உடைமரக் காட்டுக்குள், தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணற்றின் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தான். அம்மா உயிரோடு இல்லை. "அந்தப் பய பேச்ச எடுக்கக் கூடாது" என்று அய்யா சொல்லிவிட்டார். மத்தியானம் மற்றவர்கள் கஞ்சி குடிக்க உட்காரும்போது நான் விறகு பொறுக்கப் போகிற மாதிரி போவேன். ஓலைக் கடகப் பெட்டியில் அண்ணனுக்குச் சோற்றுத் தூக்குவாளி இருக்கும், மேலே காய்ந்த செத்தையைப் போட்டு மூடியிருப்பேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக பஸ் ஏறி, மலையாளத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அதுவரை அவன் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். நான் கும்பிட்டதெல்லாம் அதற்குத்தான்.

சேக்காளி கெட்டிக்காரி. "ஏடி, கஞ்சி குடிக்காம தெனமும் எங்கடி போற?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். சொல்லாமல் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. "மாரியாத்தா சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு எனக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, நாடகத்தில் அந்தக் கைதிக்கு ஒரு தங்கச்சி வந்தாள். அவன் இடிந்த பங்களா ஒன்றில் ஒளிந்திருப்பதாகவும், அவள் அவனை நினைத்துச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதாகவும் சேக்காளி சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் அந்தத் தங்கச்சி விறகுக்குப் போகிற மாதிரி பெட்டியில் சோற்றை மறைத்துக்கொண்டு போனாள். பஞ்சு எடுப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். சேக்காளி யாருக்கும் தெரியாமல் என் கையைப் பிடித்து, "பாத்தியாடி, நாடகத்துலயும் ஒன்ன மாதிரியே ஒருத்தி" என்றாள். பயம் போய்விட்டது. நாடகம் எழுதிய மகராசனுக்குக் கூடப்பிறந்தவளின் மனசு தெரிந்திருக்கிறதே என்று அழுதேன். நிரையில் எல்லாரும் அழுதார்கள். அண்ணனிடம் அடிபட்டவனின் அத்தையும் எங்களோடு பருத்தி எடுத்தாள். முந்தானையால் முதலில் மூக்கைச் சிந்தியது அவள்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். உடைமரத்துக்குப் பின்னாலிருந்து வேட்டி கட்டிய நாலு பேர் வந்தார்கள். ஒட்ட வெட்டிய கிராப்பைப் பார்த்ததுமே போலீஸ் என்று தெரிந்துவிட்டது. என்னை ஒருவர் ஏசினார், தள்ளி நிற்கச் சொன்னார். அண்ணனை மேலே ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவன் போலீஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"ஏத்தா, நீயா காட்டிக் குடுத்த?"

"யார்ட்டயும் சொல்லலண்ணே" என்றேன். சேக்காளியை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அண்ணன் நம்பவில்லை. தண்டனை முடிந்து வந்த பிறகும், சாகிற வரைக்கும் என் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கித் தின்னவில்லை.

இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அழுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று சேக்காளி வீட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாடகம் ஆரம்பித்தது. கடைசி வாரமாம். ரெயில்வே ஸ்டேஷனில் அவனைப் பிடித்துவிட்டார்கள். முடிவில் பெரிய அதிகாரி சின்ன அதிகாரியிடம் சொன்னார்: "தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் என்று யாருமே இல்லாதவன். அதனால்தான் இவனைப் பிடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது."

குடத்தோடு உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அவனுக்குத் தங்கச்சி இல்லையாமே" என்றேன்.

குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். "கத சப்புன்னு போயிருச்சுடி. அதிகாரிக ரெண்டு பேரும் வாரக்கணக்கா காபியக் குடிச்சுக்கிட்டு யோசன பண்ணுறாக. ஒருத்தியும் காது குடுக்கல. ஒங் கதையச் சேத்ததும் எப்படி அழுதாளுக, நீயே பாத்தேல்ல? நான் பேரச் சொன்னனா, ஊரச் சொன்னனா?"

அவளை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் வந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

மறுநாள் வழக்கம்போல் நிரை பிடித்தோம். வீட்டில் உட்கார்ந்தால் யார் கஞ்சி ஊற்றுவார்கள்? சேக்காளி கதையை ஆரம்பிக்கவில்லை. அடிபட்டவனின் அத்தைதான் அவளிடம் கேட்டாள், "என்னத்தா, நாடகம் முடிஞ்சிருக்குமே. அவன் கெதி என்னாச்சு?"

"நாஞ் சொல்றேன் மதினி" என்றேன். "ரெயில்வே ஸ்டேசன்ல வச்சுப் புடிச்சுட்டாக. அவனுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி மொதல்லருந்தே கெடையாது."

ஒருத்தியாவது "இல்லையா?" என்று கேட்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடி இருந்தது, கைகள் காயிலிருந்து பஞ்சை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தன. அன்றைக்கு அழுதபோதே அது என் கதை என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் அழுதவள் நான் ஒருத்திதான்.