வெங்கடராமன் வாத்தியாரின் வலது தோள்

மல்லேஸ்வரத்துக் கணக்கு வாத்தியார் வெங்கடராமனுக்கு ஏழு வருஷமாக வலது தோளில் வலி. 1931-ல் மழைச் சேற்றில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். உயிராக ஆடிவந்த பால் பாட்மிண்டனையும் விட்டுவிட்டார். மஞ்சள் கம்பளிப் பந்து மட்டையில் படும் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல், மைதானத்துத் தெருவையே தவிர்த்தார்.

ராத்திரி இரண்டு மணிவரை புரள்வார். அதற்கு ஈடாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆறு மணிவரை அடித்துப்போட்டாற்போல் தூங்குவார். எழுந்ததும் திக்காக ஒரு காபி. "வலி விட்டாத்தான் தூக்கம் வரும்" என்பது அவர் கட்சி.

1938 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். ஐந்து நாள் வாத்தியார்கள் யாரும் ஏழு மணிக்குமுன் வீடு திரும்பவில்லை. சாயங்காலத் தூக்கமும் போயிற்று, காபியும் போயிற்று. சாப்பிட்ட கையோடு ஒன்பதரைக்கே சாய்ந்துவிட்டார்.

ஆறாம் நாள் காலை அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அடுப்படியிலிருந்து, "மேல் தட்டிலே காபிப்பொடி டப்பா இருக்கு, எடுங்கோ" என்றாள். எடுத்து நீட்டினார். அவள் வாங்காமல் அவர் கையையே பார்த்தாள்.

"ஏன்னா! எந்தக் கையாலே எடுத்தேள்?"

வலது கை! டப்பாவை மேலே வைத்து எடுத்தார். திரும்ப வைத்து எடுத்தார். தோள் லேசாகப் பிடித்தது, அவ்வளவுதான்.

"தைலம்கூடத் தடவலையே!" என்றார்.

"அஞ்சு ராத்திரி நன்னாத் தூங்கினேளே, அதான்."

"வலி கொறைஞ்சது, தூங்கினேன்."

"இல்லவே இல்லை. முதல் ராத்திரி முனகிண்டேதான் தூங்கினேள். வலி அப்பறம்தான் கொறைஞ்சது."

கணக்கு வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டுமென்றே மூன்று மணி நேரம் தூங்கினார். சாயங்காலம் இரண்டு டம்ளர் காபி குடித்தார். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு. விடிந்ததும் தோளில் சுருக் சுருக்கென்று குத்தியது. துள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"லக்ஷ்மி, வலிக்கறதுடி! பிரமாதமா வலிக்கறது!"

அதே வேகத்தில், தோளுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஸ்ரீகண்டனிடம் போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நோடி ஸார், இங்கே பாருங்கோ, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிண்டு போறது. வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டா, சின்ன வலியும் உடம்புக்குப் பெரிசாத் தெரியும். இத்தனை நாள் வலியையே துரத்திண்டிருந்தோம். இனிமே தூக்கத்தைப் பிடிப்போம்."

பகல் தூக்கம் கூடாது. மத்தியானத்துக்குமேல் காபி கூடாது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். தோளை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பெரும்பாடு. சாயங்காலம் கண் சொருகும்போதெல்லாம் அனந்தலக்ஷ்மி அவரைச் சாங்கி ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் நடக்கவைத்தாள். தீபாவளிக்குள் சாக்பீஸ் வலது கைக்கு வந்துவிட்டது.

ஜனவரியில் மட்டையோடு மைதானத்தில் இறங்கினார். வலி அடியோடு போய்விடவில்லை. குளிர்ந்த காலைகளில் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அன்று வலைக்குமேல் எழும்பி வந்த பந்தை ஓங்கி ஒரு அறை அறைந்தார் பாருங்கள், எதிர்க்கட்சி ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மி தன்னை மறந்து கைதட்டினாள்.

ஆட்டத்தில் அவர் கட்சி தோற்றுத்தான் போயிற்று. வீட்டுக்குப் போகும் வழி நெடுக, அடுத்த வாரம் யாரை எங்கே நிறுத்துவது என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார் வெங்கடராமன்.