சும்மா மலை

“புத்தகம் படிச்ச புள்ளைக்கு மலையப் பத்தி என்னா தெரியும்?” நான் ஆசிரியர் நியமனக் கடிதத்தைக் காட்டிய அன்று மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மறப்பேனா?

வெள்ளி, காலை 9.20. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை பஸ். என் போனில் அத்தை அனுப்பிய ஒரு தாளின் படம், பாதி மங்கல், முழுக்கச் சிங்களம். தேயிலைத் தோட்டத்துக்கு ரோடு போட்டுத் தருவதாக இரண்டு பேர் வந்து கொடுத்தார்களாம். திங்கட்கிழமை அளக்க வரும்போது எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டுமாம். தாளின் அடியில் அத்தை வீட்டுக்குப் பின்னாலுள்ள மேல்மலையின் வரைபடம்; ரோடு போட அது எதற்கு?

பஸ் நோர்வூட்டைத் தாண்டியது. தேயிலைக்கு நடுவே புல்திட்டு தெரியும் இடமெல்லாம், இதற்கும் யாராவது தாள் எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

10.35. பொகவந்தலாவையில் ஆட்டோ. ஆறு கிலோமீற்றருக்கு எழுநூறு ரூபாய். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

“அளக்க வந்தீங்களா மிஸ்?”

“அத்தை வீட்டுக்கு.”

“போன வாரம் வந்தவங்களும் சொந்தக்காரங்க வீட்டுக்குன்னுதான் சொன்னாங்க. பையில டேப்பு!”

என் பையைத் திறந்து காட்டிய பிறகுதான் வேகம் எடுத்தார்.

அத்தை குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அந்த மலை. தேயிலை நடாத சரிவு. நான்கு மாடுகள், விறகுக்கட்டு, மாசியில் காமன் கூத்து ஆடும் பொட்டல். அசல் தாளை வாங்கி வாசித்தேன்; அதில் மலைக்குப் பெயர், ‘யாரும் பாவிக்காத வெற்றுக் காணி’. அதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதற்குத்தான் கையெழுத்து. ரோடு என்ற சொல்லே அதில் இல்லை.

“அத்தை, அவங்க கிட்ட என்னா சொன்னீங்க?”

“என்னா மலைன்னு கேட்டாங்க. சும்மா மலைங்கன்னேன்.”

“சும்மா கெடக்குற மலைன்னு எழுதிட்டாங்க!”

“அடி ஆத்தி! யாரையும் கேக்காம சும்மா புல்லு அறுக்கலாம், அதுக்குத்தானே அந்தப் பேரு!”

சிங்களத்திலேயே மறுப்புக் கடிதம் எழுதினேன். மாடு, விறகு, பொட்டல் எதையும் விடவில்லை. மாமாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே.

“எல்லாம் சரி டீச்சரம்மா. நீ இப்பக் குடிச்ச தண்ணி எங்கேருந்து வருது?”

வாசல் குழாயைக் காட்டினேன். மாமா என்னை மலைமேலே கூட்டிப்போனார். பாறைக்கடியில் ஊற்று, அதில் செருகிய கறுப்புக் குழாய்தான் லயம் முழுக்கத் தண்ணீர் கொண்டுபோகிறது. அதற்குப் பத்தடி தள்ளி, போன வாரம் டேப்போடு வந்தவர்கள் அடித்த, சிவப்புச் சாயம் பூசிய புது முளைக்குச்சி.

கடிதத்தில் ஊற்றை முதல் வரியாக்கினேன். முதல் கையெழுத்து மாமாவுடையது.

பிற்பகல் 3.10. நோர்வூட்டில் இறங்கி, கடிதத்தைப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆனாலும் ஒரு தாளை மட்டும் எப்படி நம்புவது? அங்கேயே நின்று, அவர்கள் அளக்க வரும் திங்கட்கிழமைக்கும் லீவு கேட்டுப் பள்ளி அதிபருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.