அப்பாவின் தோளில் இருந்த கை

அப்பா இறந்த அன்று காலை வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது மரண அறிவிப்பு. குருணில் ஒரு தொழிற்சாலையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்பதால், இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா தனியாக நின்ற படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையில் போலீஸ் தேடும் ஆளைப் போல முறைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் அக்கா கல்யாணத்தில் அம்மாவோடு அவர் நின்ற படம் என் போனில் அகப்பட்டது. அம்மாவை வெட்டிவிட்டு, மாலையும் 'கண்ணீர் அஞ்சலி'யும் சேர்த்தேன். போனில் புலனம் வழியாகச் செய்தியாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும் என்று, படங்களை இலவசமாக ஏற்றிவைக்கும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். அந்த இணைப்பைச் சொந்தக்காரர்களுக்கும் முன்பு நாங்கள் இருந்த தோட்டத்து ஆட்களுக்கும் அனுப்பினேன். கணக்குத் திறக்கப் பொறுமையில்லை. கணக்கில்லாதவர்களுக்கு, படத்தை அழிக்கும் இணைப்பை அந்தத் தளம் ஒரே ஒரு முறைதான் காட்டும். அதைப் படிக்காமலே மூடினேன்.

முதல் அழைப்பு திகாம் பத்துவில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து வந்தது.

"தம்பி, அப்பா தோள்ல யாரு கை லா அது?"

படத்தைத் திறந்து பார்த்தேன். அம்மாவை வெட்டியவன் அவள் கையை விட்டுவைத்திருந்தேன். நான்கு விரல்கள், மணிக்கட்டு நிறைய வளையல். அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான். "கைய வைங்கம்மா" என்று வற்புறுத்தியவனும் நான்தான். நாலு பேர் முன்னால் அவள் அவரைத் தொட்டு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அம்மா அதைப் பார்த்தபோது அழுகையை நிறுத்திவிட்டாள்.

"உயிரோட இருக்கறவ கைய செத்தவரு படத்துல போடுவாங்களாடா? என்னையும் சேத்துல்ல அனுப்பிட்ட!"

கருமாதி முடிந்த பிறகும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், பயமாக இருக்கிறது என்றாள். முதலில் சிரித்து மழுப்பினேன். பிறகு எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்களை விரட்டி விரட்டி, அவர்கள் போனில் இறக்கி வைத்திருந்த அந்த அறிவிப்பை அழிக்கச் சொன்னேன். அழிக்காதவர்களிடம் சண்டை போட்டேன். என் போனில் இருந்த கல்யாணப் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அம்மா நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

தளத்தில் இருந்ததுதான் போகவில்லை. படத்துக்குக் கீழே எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று ஓர் எண் இருக்கும். தேநீர் இடைவேளையில் திறப்பேன். ஒவ்வொரு நாளும் அது கூடியிருக்கும். செத்துப்போன மனிதரை யார் இப்படி விடாமல் பார்க்கிறார்கள்? பிசாசு வேலையோ என்றுகூட நினைத்தேன். தளத்துக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். மாதங்கள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: படம் நீக்கப்பட்டுவிட்டது.

அன்று மாலையே வேலை முடிந்த கையோடு அம்மா இருக்கும் பாடாங் செராய்க்குக் காரை விட்டேன். அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசை. அவள் சமையலறை மேசையில் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா, நல்ல நேரத்துல வந்த. அப்பா வரமாட்டேங்குறாரு, என்னான்னு பாரு."

திரையில் ஒரு வெற்றுக் கட்டம். சித்தப்பாவிடம் கேட்டு அந்த இணைப்பை எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள்.

"பயமா இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"அது அப்போ. பாத்துப் பாத்துப் பயம் போயிருச்சு. இப்ப காலைல அவரப் பாத்துட்டுதான் அடுப்புகிட்டயே போவேன். அவரு மேல என் கை இருக்குற படம் வேற எங்கடா இருக்கு?"

எங்கும் இல்லை. வேரோடு பிடுங்கியவன் நான்.

"லைன் சரியில்லம்மா," என்றேன்.

இப்போது தினமும் காலையில் அழைக்கிறாள்.

"லைன் வந்துருச்சாடா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி, நாளைக்குப் பாப்போம்," என்று வைத்துவிடுகிறாள்.