மாட்டுப் பொங்கலுக்கு ஊற்றிய மருந்து

எங்கள் மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மழை வந்தால் கீழே இருக்கும் தீவனத் தொட்டியைத் தள்ளி வைக்க வேண்டும். ஆனாலும் அதை அடைக்க என் மனைவி விட்டதே இல்லை. அந்தச் சந்தில் மைனா கூடு கட்டும். “குஞ்சு பறக்கட்டும், அப்புறம் ஏறுங்க” என்பாள். குஞ்சு பறந்தால் அடுத்த ஜோடி வந்துவிடும். இப்படியே ஒன்பது வருஷம் போய்விட்டது.

ஆலை வேலையை விட்ட பிறகு, கோத்தா திங்கியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய புல்வெளியில் பதினோரு மாடுகள் வைத்திருக்கிறேன். மாடு மேய்ந்தால் கூடவே கொக்குகள் நடக்கும். குளம்பு பட்டு எழும்பும் பூச்சியைக் கொத்தும். மைனாக்கள் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கும், சாணியைக் கிளறிப் புழு எடுத்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும். பக்கத்து நிலத்து மலாய்க்காரப் பெரியவர், உனக்குச் சம்பளம் கேட்காத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், வருகிறவர்களிடமெல்லாம் என் சொந்தப் பேச்சு மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அடைமழை விட்டதும் ஈ அப்பிக்கொண்டது. மாடுகள் பால் கறக்க நிற்காமல் உதைத்தன. மாட்டுப் பொங்கலுக்கு ஸ்கூடாயிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். மாலை போட்ட மாட்டின் கண்ணில் ஈ மொய்த்தால் எனக்குத்தானே வெட்கம்? ஈ, உண்ணி சாக மாட்டின் முதுகில் ஊற்றும் மருந்து ஒரு டப்பா வாங்கிவந்து, முதல் நாளே கழுத்திலிருந்து வால்வரை ஒவ்வொன்றுக்கும் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் வழக்கப்படி மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். மருந்தெல்லாம் நுரையோடு கொட்டகை ஓரத்துக் கால்வாயில் போனது. மைனாக்கள் குளிக்கிற கால்வாய் அது. எனக்கு அது தோன்றவே இல்லை. மருந்து வீணாகிவிட்டதே என்றுதான் தோன்றியது. மாடுகள் காய்ந்ததும், பொட்டு வைப்பதற்கு முன்னால், மறுபடியும் ஊற்றினேன், கை தாராளமாக. டப்பாவில் அளவு போட்டிருந்தது. பொடி எழுத்து என்று படிக்காமல் விட்டேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

அன்றைக்கு ஓர் ஈ இல்லை. என் மனைவியின் தம்பி மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “மச்சான், ஒரு ஈயக்கூடக் காணோம், மாட்டுக்கு ஏர்கோன் போட்டு வச்சிருக்கீங்களா?” என்றான். அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்தடுத்த வாரங்களிலும் ஊற்றினேன்.

முன்பெல்லாம் வண்டுகள் துளைத்துச் சில நாளில் சாணி மண்ணோடு மண்ணாகிவிடும். இப்போது சாணியில் இறங்கிய மருந்தால் வண்டே இல்லை; சாணி விழுந்த இடத்திலேயே வறட்டியாய்க் காய்ந்து கிடந்தது. கொக்குகள் ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டுப் பக்கத்து நிலத்தோடு நின்றுகொண்டன. உன் ஆட்கள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று பெரியவர் சொன்னபோது சிரித்தேன்.

மாசியில் கூட்டுக்குள் குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

“என்னங்க, அதுங்க ரொம்பக் கத்துதுங்க. தாய் வெறும் வாயோடதான் வந்துட்டுப் போகுது” என்றாள் மனைவி.

பறவைக்குத் தெரியாதா, நீ சும்மா இரு என்றேன்.

மூன்றாம் நாள் சத்தம் இல்லை. ஏணி வைத்து ஏறினேன். மூன்று குஞ்சுகள், வாய் திறந்தபடியே கிடந்தன. பசியா, மருந்தா என்று எனக்குத் தெரியாது. கால்நடை மருத்துவரிடம் கேட்டதற்கு, இரண்டுமே இருக்கலாம் என்றார். பழைய துண்டில் வைத்து இறக்கினேன். மனைவி அவற்றை வாழைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவும்போது சொன்னாள்: “இனிமே தகரத்த அடைச்சிருங்க.”

அதன்பிறகு உண்ணியைக் கையால் எடுக்கிறேன், சாயங்காலம் தேங்காய் மட்டையில் புகை போடுகிறேன். எந்த மாட்டுக்காவது மருந்து வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அந்த மாட்டுக்கு மட்டும், அளவோடு. வண்டுகள் திரும்பி வர அந்த வருஷக் கடைசி ஆகிவிட்டது. பிறகு கொக்குகளும் வந்தன. மைனாக்கள்கூட புல்வெளியில் நடக்கின்றன. அந்த மூலைக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.

நான் தகரத்தை அடைக்கவில்லை. அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால், முன்போலவே போய்த் தொட்டியைத் தள்ளி வைக்கிறாள்.