மாப்பிள்ளைக்குக் கரண்ட் வேலை

போன ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் பெண் பார்க்கும் வைபவம். பெண், என் மச்சினன் வேலுச்சாமியின் மகள் சுகன்யா. பஜ்ஜி, கேசரி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலுச்சாமி வாயைத் திறக்கும் வரை...

“மழை, காத்துன்னாக் கூட போஸ்ட்ல ஏறித்தான் ஆகணுமோ?” என்று மாப்பிள்ளைப் பையனிடம் அக்கறையாக விசாரித்தார்.

பையன் யோசித்தான். “போஸ்ட்லயா? நாங்க போஸ்டர்தான் அடிப்போம். இப்ப சீசன், காலண்டர் ஆர்டர் ஓடுது.”

நடந்தது இதுதான். பையனின் அக்கா கணவர் சென்னையில் ஐ.டி.க்காரர். “கரண்ட் ஜாப் சிவகாசியில” என்று வேலுச்சாமியிடம் போனில் சொல்லியிருக்கிறார். தற்போதைய வேலை என்று அர்த்தம். ஆனால் நம் ஊரில் கரண்ட் என்றால் என்ன? கம்பியில் வரும், அடிக்கடி போகும். கரண்ட் ஆபீஸ், அரசு வேலை, பென்ஷன் — வேலுச்சாமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான் அர்த்தத்தை விளக்கினேன்.

“அப்ப, இப்போதைக்குப் பாக்குற வேலைங்கீகளா அத்தான்? பிறகு மாறிருமா?”

நியாயமான கேள்வி. அரசு ஊழியரிடம் யாராவது ‘கரண்ட் ஜாப் என்ன?’ என்று கேட்கிறார்களா? நேற்றும் அதே வேலை, நாளைக்கும் அதே வேலை. மாறக்கூடியதற்குத்தான் அந்தச் சொல் தேவைப்படுகிறது.

பையனின் அம்மா பூத்தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

“எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா” — உள்ளறை வாசலில் சுகன்யா. “இவுக எங்கிட்ட போன்ல பேசுனப்பவே பிரஸ்னு சொன்னாக.”

“அப்புறம் ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா இவுகள வரச் சொல்லியிருப்பீகளா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. வேலுச்சாமி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையன் பக்கம் திரும்பினார்.

“காபி ஆறுது பாருங்க... குடிங்க மாப்ளே.”

பூத்தட்டு பழைய இடத்துக்கு வந்தது.

தை மாதம் கல்யாணம். புதுச் சொல் கற்ற ஜோரில் வேலுச்சாமி இப்போது கரண்ட் அட்ரஸ், கரண்ட் நிலவரம் என்றுதான் பேசுகிறார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

‘மாப்பிள்ளை’ என்பதற்கு முன்னால் மட்டும் அந்தச் சொல்லைப் போட வேண்டாம்!